நெஞ்சு வலி வந்தவர் பட்டியலைப் பார்த்தா ஓடுவார்? ஆஸ்பத்திரி பில்லுடன் அலையும் அரசு ஊழியர்கள்

இரவு மணி 2.

பெரம்பூரில் ஒரு மாடி வீடு. 54 வயது அரசு ஊழியர் ஒருவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். பனியன் நனைந்து விட்டது. இடது தோள்பட்டையை யாரோ முறுக்குவது போல வலி.

"வாயுவாத்தான் இருக்கும். கொஞ்சம் ஓமத் தண்ணி குடு" என்றார் மனைவியிடம்.

மனைவி அடுப்பங்கரைக்குப் போகவில்லை. கீழ் வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பினார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் புறப்பட்டார்கள். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குள் ஆட்டோவைத் திருப்பினார்கள்.

"மாரடைப்பும்மா. ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்குது. உடனே ஸ்டென்ட் வைக்கணும். பணத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்றார் டாக்டர்.

விடிவதற்குள் ஸ்டென்ட் வைத்தாயிற்று. ஆள் பிழைத்தார்.

5-வது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் ரூ.2 லட்சத்து 60 ஆயிரம்.

மனைவியின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மகள் கல்யாணத்துக்கு என்று கட்டி வந்த சீட்டைத் தள்ளி எடுத்தார்கள். மைத்துனர் ரூ.50 ஆயிரம் கொடுத்தார்.

"கவலைப்படாதேக்கா. மாமா கவர்மெண்ட் வேலை. பில் போட்டா பணம் வந்துடும்" என்று ஆறுதலும் சொன்னார்.

பில் போட்டார்கள். பணம் வரவில்லை. பில்தான் திரும்பி வந்தது.

"சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை."

அவ்வளவுதான். ஒரே வரி.

யார் இவர்?

பெரம்பூர் என்று சொன்னது ஓர் அடையாளத்துக்குத்தான். இது ஒரே ஒருவருடைய கதை அல்ல. அரசு அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பலர் சொல்லும் கதைகளை ஒன்றாகக் கட்டினால் இந்த ஆள்தான் வந்து நிற்பார். பெயர் மாறும், ஊர் மாறும், ஆஸ்பத்திரி மாறும். பில்லின் மேல் எழுதும் அந்த ஒரு வரி மட்டும் மாறுவது இல்லை.

அதிலும் பில் செக்‌ஷனில் வேலை பார்த்தவராக இருந்து விட்டால் வேதனை இரட்டிப்பு. 20 வருஷம் அடுத்தவர் பில்லில் ஆட்சேபணை எழுதி அனுப்பிய கை. இப்போது தன் பில்லில் அதே வாசகத்தைப் படிக்கிறது.

"நான் எழுதினப்போ அது ரூல். எனக்கு எழுதினப்போதான் வயிறு எரியுது" என்று சொல்லும் குமாஸ்தாக்கள் உண்டு.

மாதாமாதம் பிடிப்பு

பணம் இனாமாகக் கேட்கவில்லை. சம்பளத்தில் மாதம் தவறாமல் பிடிக்கிறார்கள்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி மூலம் மருத்துவ உதவி என்ற ஏற்பாடு 2008-ம் ஆண்டு ஜூன் மாதம் வந்தது. மாதம் ரூ.25 பிடித்தார்கள். 4 ஆண்டுகளில் ரூ.2 லட்சம் வரை சிகிச்சை என்றார்கள்.

2012 ஜூலையில் பிடிப்பு ரூ.150 ஆனது. வரம்பு ரூ.4 லட்சம்.

2016 ஜூலையில் ரூ.180. சில பெரிய நோய்களுக்கு மட்டும் ரூ.7½ லட்சம்.

2021 ஜூலையில் ரூ.300. வரம்பு ரூ.5 லட்சம். குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு ரூ.10 லட்சம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 வருஷத்தில் பிடிப்பு 12 மடங்கு ஏறி இருக்கிறது. சாதாரண வரம்பு இரண்டரை மடங்குதான் ஏறி இருக்கிறது. மாதம் ரூ.300 என்றால் 4 வருஷத்துக்கு ஓர் ஊழியர் கட்டுவது ரூ.14 ஆயிரத்து 400. ஒரு நாள்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவரும் கட்டுகிறார்.

பென்ஷன்காரர்களுக்குத் தனித் திட்டம். 2014-ல் மாதம் ரூ.150 பிடித்தார்கள். 2018-ல் ரூ.350. 2022-ல் ரூ.497. வேலையில் இருப்பவரைவிட வேலையை விட்டுப் போனவருக்குத்தான் பிடிப்பு அதிகம். வயதானவருக்கு வியாதி அதிகம் என்பது இன்சூரன்ஸ் கணக்கு.

கை காட்டும் படலம்

திட்டம் இப்படி நடக்கிறது. கம்பெனி ஓர் ஆஸ்பத்திரிப் பட்டியல் வைத்திருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டிச் சேர வேண்டும். ஆஸ்பத்திரி கம்பெனிக்கு எழுதும். கம்பெனி இவ்வளவு என்று அனுமதிக்கும். பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். நோயாளி கையில் இருந்து காசு கொடுக்க வேண்டியது இல்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் நல்ல ஏற்பாடுதான். இந்தத் திட்டத்தால் ஆபரேஷன் செய்து நன்றாக நடமாடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் யாரும் கோர்ட்டுக்கு வருவதில்லை. அதனால் அவர்கள் கதை வெளியே தெரிவதும் இல்லை.

தகராறு எங்கே வருகிறது? பட்டியலுக்கு வெளியே கால் வைத்த உடனே வருகிறது.

ஊழியர் ஆபீசில் கேட்டால், "இன்சூரன்ஸ்காரங்கதான் தரணும். நாங்க பிரிமியம் கட்டியாச்சு" என்கிறார்கள்.

கம்பெனியில் கேட்டால், "லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரிக்கு எங்க ஒப்பந்தத்துல இடம் இல்ல. உங்க டிபார்ட்மெண்ட்ல கேளுங்க" என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டால், "எங்களுக்குப் பணம் வந்துடுச்சு சார். சர்டிபிகேட் ஏதாவது வேணுமா?" என்கிறார்கள். அவர்கள் ஒருவர்தான் சிரித்த முகமாகப் பேசுகிறவர்கள்.

லண்டனில் ஆபரேஷன்

இந்த வழக்கு இன்று நேற்று தொடங்கியது அல்ல. வட நாட்டில் இருந்து ஒரு பழைய வழக்கு உண்டு. படித்தால் சினிமாக் கதை போல இருக்கும்.

பஞ்சாப் போலீசில் டெபுடி சூப்பிரண்டாக இருந்தவர் ஒருவர். இதய நோய்க்காரர். 1987 டிசம்பரில் மகனைப் பார்க்க இங்கிலாந்து போனார். போன இடத்தில் நோய் முற்றியது. பர்மிங்காம் நகர ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்த்தார்கள். பிறகு 1988-ல் லண்டனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. செலவை மகன் கட்டினார்.

ஊர் திரும்பிய அதிகாரி சர்க்காருக்கு பில் அனுப்பினார். சர்க்கார் தயங்கியது. முன் அனுமதி எங்கே, மெடிக்கல் போர்டு சிபாரிசு எங்கே என்று கேள்வி கிளம்பியது. கடைசியில், டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் ஆகியிருக்கக்கூடிய கட்டணம்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தது.

அவர் லண்டன் கட்டணத்தை அடம்பிடித்துக் கேட்கவில்லை. "டெல்லியில் சர்க்காரே ஒப்புக்கொண்ட தனியார் இதய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்தக் கட்டணத்தையாவது கொடுங்கள்" என்றார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது.

1996-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. அதிகாரிக்கு வெற்றி. தன் உயிரைக் காப்பாற்றிக் கொள்வது மனிதனின் உரிமை. உயிர் போகிற நேரத்தில் மெடிக்கல் போர்டு கூடும் வரை வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அதோடு நிறுத்தவில்லை. உயிரைப் பேணுவது பற்றி கருட புராணத்தில் வரும் சுலோகங்களையும் தீர்ப்பில் எடுத்துக் காட்டினார்கள். நம் வீடுகளில் கருட புராணத்தை ஆள் போன பிறகுதான் எடுப்பார்கள். அது பிழைத்தவருக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது இந்த வழக்கில்தான்.

அறை வாடகை

அதே 1996 டிசம்பரில் இன்னொரு பஞ்சாப் வழக்கு.

இதய வால்வு மாற்றும் ஆபரேஷன். உள்ளூரில் வசதி இல்லை என்பதால் சர்க்கார் அனுமதியுடனேயே எய்ம்சில் நடந்தது. ஆபரேஷன் செலவைக் கொடுத்தார்கள். அறை வாடகையை மட்டும் கொடுக்க மறுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படுக்காமல் ஆபரேஷன் எப்படி நடக்கும்? அறை வாடகையும் சிகிச்சைச் செலவில் அடங்கியதுதான் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இதைச் சொல்ல நாட்டின் பெரிய கோர்ட்டு வேண்டியிருந்தது.

மறு பக்கம்

சர்க்கார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

பட்டியல் வேண்டாம், எங்கே போனாலும் எவ்வளவு ஆனாலும் கொடு என்றால் கஜானா தாங்காது. சில ஆஸ்பத்திரிகளில் அட்டையைக் கண்டதும் பில் வீங்குவதும் தெரிந்த சங்கதி. காய்ச்சலுக்குப் போனவரைப் படுக்க வைத்து பில் எழுதுவதும் உண்டு. பட்டியல் ஆஸ்பத்திரியில் கட்டணத்தை முன்கூட்டியே பேசி வைத்திருப்பதால் கட்டுப்பாடு இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட்டும் இதை ஒப்புக்கொண்டது. 1998-ல் மற்றொரு பஞ்சாப் வழக்கில், சர்க்காரின் வருமானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்வளவுதான் தருவோம் என்று கட்டண வரம்பு வைக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே "முழுப் பணமும் கண்டிப்பாகக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரம்பு வைப்பது வேறு. பட்டியலைக் காட்டி ஒரு பைசாகூடக் கிடையாது என்று கையை விரிப்பது வேறு. ஆபீஸ்களில் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் வம்பே வருகிறது.

சென்னை ஐகோர்ட்டு

தமிழ்நாட்டிலும் இந்தப் பிரச்சினை கோர்ட்டுக்கு வந்தது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அரசு ஊழியருக்குப் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2010-ம் ஆண்டிலேயே சென்னை ஐகோர்ட்டில் 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்பளித்தது. அதன் பிறகு சென்னையிலும் மதுரையிலும் இதே போன்ற மனுக்கள் வரிசையாக வந்தன.

2018-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்த வழக்கைப் போட்டவர் மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர். இதயத்துக்கு ஒரு கருவி வைத்ததற்கு டெல்லி தனியார் ஆஸ்பத்திரியில் பில் ரூ.9 லட்சத்து 86 ஆயிரத்து 343. பிறகு பக்கவாதம் வந்து மும்பை ஆஸ்பத்திரியில் ரூ.3 லட்சத்து 98 ஆயிரத்து 97. இரண்டும் அவசர சிகிச்சை. மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் ஒரு பகுதிதான் கொடுத்தார்கள்.

உண்மையிலேயே சிகிச்சை நடந்ததா, அதற்கு டாக்டர், ஆஸ்பத்திரி அத்தாட்சி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்; ஆஸ்பத்திரியின் பெயர் உத்தரவில் இல்லை என்பதற்காக உரிமையை மறுக்க முடியாது என்று நீதிபதிகள் ஆர்.கே.அகர்வால், அசோக் பூஷண் ஆகியோர் தீர்ப்பில் கூறினார்கள். பாக்கி ரூ.4 லட்சத்து 99 ஆயிரத்து 555-ஐக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள். வயதான பென்ஷன்காரர்களை இழுத்தடிப்பதையும் கண்டித்தார்கள். மத்திய அரசுத் திட்டத்தில் வரும் பில்களை ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், குறைகளைக் கேட்க மாதாமாதம் கூடும் உயர்மட்டக் குழு வேண்டும் என்றும் சொன்னார்கள்.

பெரிய பதவியில் இருந்தவர் டெல்லி கோர்ட்டு வரை போனார். ஜெயித்தார். பெரம்பூர் குமாஸ்தா போக முடியுமா? வக்கீல் பீஸ், வாய்தா, அதற்கு லீவு. ரூ.2 லட்சத்து 60 ஆயிரம் கேட்டு வழக்குப் போடுவதா, அந்த நேரத்தில் கடனை அடைப்பதா?

ஒருவருக்குச் சொன்ன தீர்ப்பு அடுத்தவர் பில்லுக்கும் பொருந்தும் என்று செக்‌ஷனில் யாரும் தாமாக எழுதுவது இல்லை. எழுதினால் ஆடிட்டில் கேள்வி வரும் என்ற பயம். "கோர்ட்டு ஆர்டர் வாங்கிட்டு வாங்க. உடனே போட்டுடறேன்" என்று பிரியமாகவே சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படி ஏற வேண்டியதாக இருக்கிறது.

150 ரூபாய் டாக்டர்

பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போனவர்களுக்கும் வம்பு உண்டு. அது வேறு மாதிரி.

கம்பெனி ஒரு தொகையை அனுமதிக்கும். ஆஸ்பத்திரி அதற்கு மேல் கேட்கும். "மீதியைக் கையில குடுத்துடுங்க. அதுக்கு பில் வராது" என்பார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று கொண்டு யார் சட்டம் பேசுவது? கொடுத்து விடுகிறார்கள். பில் இல்லாத பணம் போன பணம்தான்.

கண் புரை ஆபரேஷனுக்கு 2021 திட்டத்தில் ஒரு கண்ணுக்கு ரூ.30 ஆயிரம் என்று வரம்பு. "இந்த லென்ஸ் வேணாம், அந்த லென்ஸ் வையுங்க" என்று ஆஸ்பத்திரியில் ஆசை காட்டினால் மேலே ஆவது சொந்தச் செலவு.

மத்திய அரசு ஊழியர்கள் நிலைமையும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் திட்டத்தில் பெரும்பாலான சிகிச்சைகளின் கட்டணம் 2014-க்குப் பிறகு பல வருஷம் ஏறவே இல்லை. பட்டியல் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரைப் பார்க்க 2023 ஏப்ரல் வரை அனுமதித்த தொகை ரூ.150. அதன் பிறகுதான் ரூ.350 ஆக்கினார்கள். சிகிச்சைக் கட்டணங்களை மொத்தமாக மாற்றியது 2025 அக்டோபரில்தான். 150 ரூபாய்க்கு எந்த ஸ்பெஷலிஸ்ட் பார்ப்பார்? "இந்த அட்டைக்கு இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அந்த நோயாளி எங்கே போவார்? பட்டியலுக்கு வெளியேதான் போவார்!

ஸ்டிக்கர் எங்கே?

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது. தமிழக அரசுத் திட்டத்தில் மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு. அவசரத்துக்கு வெளி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அந்தக் குழுவிடம் முறையிடலாம். அதிலும் திருப்தி இல்லை என்றால் மாநில அளவில் மேல் முறையீடு.

இப்படி ஒரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது. பில்லைத் திருப்புகிறவர்கள் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் கை தேய்ந்து விடாது.

குழு முன்னால் வாய்ப் பேச்சு எடுபடாது. காகிதம்தான் பேசும். என்ன நோய், எந்த நேரத்தில் சேர்த்தார்கள், அவசரமா இல்லையா என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். அசல் பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டு வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் கேட்பார்கள். எந்தக் கம்பெனி, என்ன நம்பர் என்பது அதில்தான் இருக்கும்.

ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் வரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது ரூ.29 ஆயிரத்து 600. அப்படியானால் லட்சக்கணக்கில் பில் எப்படி வருகிறது? ஐ.சி.யூ., தியேட்டர், டாக்டர் பீஸ், பஞ்சு, கையுறை என்று மீதிப் பட்டியல் நீளும். அதனால்தான் "மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரி பில் வாங்கக் கூடாது. இனம் இனமாகப் பிரித்துக் கேட்டு வாங்க வேண்டும். பிரிக்காத பில்லைக் குழுவும் திருப்பி விடும்.

எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் ஒரு செட் வீட்டில் இருக்க வேண்டும். அசலை ஆபீசில் கொடுத்துவிட்டு, "பைல் காணோம்" என்ற பதிலைக் கேட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

மறுபடியும் பெரம்பூர்

பெரம்பூர் ஊழியருக்கு இதை எல்லாம் சொன்னது அவருடைய சங்கத்துக்காரர். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

"ஸ்டிக்கர் இருக்கா?" என்று கேட்டார்.

ஊழியர் முழித்தார். ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தவருக்கு ஸ்டிக்கரைப் பற்றி என்ன தெரியும்?

மனைவி உள்ளே போனார். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். நர்ஸ் கொடுத்த அந்தச் சின்ன ஸ்டிக்கர், ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டியபடி பத்திரமாக இருந்தது.

"என்னன்னு தெரியல. நம்பர் எல்லாம் போட்டிருந்துது. உதவுமேன்னு வச்சேன் தம்பி" என்றார்.

மனுவில் 17 தாள்கள் சேர்ந்தன. சங்கத்துக்காரர் ஒவ்வொன்றாக எண்ணி நம்பர் போட்டார். உறைக்குள் இன்னும் ஒரு தாள் மிச்சம் இருந்தது. அடகுக் கடை ரசீது.

"இதையும் வைக்கலாமா தம்பி? வட்டி ஏறிக்கிட்டே போகுது."

சங்கத்துக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். "இது வேணாம்மா. இதுக்கு பாரம் கிடையாது" என்று திருப்பிக் கொடுத்தார்.